ஹோர்முஸ் நீரிணையும் பாரசீகப் படையும்: வரைபடத்தில் விடுபட்ட மலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணை குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எண்ணெய்க் கப்பல்கள் செல்லும் பாதையையும், அப்பாதை தடைப்பட்டால் நம் சமையல் எரிவாயுவின் விலை என்னவாகும் என்பதையும் தெளிவாக எடுத்துரைத்த அக்கட்டுரை, வரலாற்றுப் பகுதிக்கு வந்ததும், பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸ் மன்னர் காலம் தொட்டு வளைகுடாவின் கடல்வழி முழுவதும் பாரசீகப் படைகளின் பிடியிலேயே இருந்து வந்திருக்கிறது என்ற பொருளில் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. சேலத்தில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வரலாறும் புவியியலும் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு வரியை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. பாரசீகர்கள் உலகம் கண்ட மிகப் பெரிய தரைப்படைகளில் சிலவற்றை நடத்தியவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கடல் அவர்களுடையதாக இருந்த காலங்கள் குறைவு. அப்படி இருந்தபோதும் கப்பல்கள் பெரும்பாலும் பிறருடையவை.

இதற்கான காரணம் தாங்கள் வெளியிட்ட வரைபடத்தில் இல்லை. அதில் கடல் நீலமாகவும் நிலம் முழுவதும் ஒரே பழுப்பாகவும் அச்சிடப்பட்டிருந்தது. உண்மையில் ஈரானின், அதாவது பழைய பாரசீகத்தின், தென்மேற்கு விளிம்பு நெடுகிலும் சாக்ரோஸ் மலைத்தொடர் கடற்கரைக்கு ஏறத்தாழ இணையாக ஓடுகிறது. புஷேர் துறைமுகத்திலிருந்து ஷீராஸ் நகரம் நேர்கோட்டில் 200 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஷீராஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறத்தாழ நம் ஏற்காட்டின் உயரத்தில் இருக்கிறது. சேலத்தார் ஏற்காட்டுக்கு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவிடுகிறோம். ஒரே மலை, ஒரே ஏற்றம். புஷேரிலிருந்து ஷீராஸுக்குப் போகிறவரோ ஒரு மலைவரிசையை ஏறி, பள்ளத்தாக்கில் இறங்கி, அடுத்த வரிசையை ஏறி என்று படிப்படியாகப் போக வேண்டும். நல்ல சாலைகள் வருவதற்கு முன் அந்தக் கணவாய்கள் கோவேறு கழுதைகளுக்கு உரியனவாக இருந்தனவே தவிர, பீரங்கி வண்டிகளுக்கு உரியனவாக இருக்கவில்லை. மலைக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் கரையோர நிலம் வெப்பம் மிகுந்தது, நல்ல தண்ணீர் அரிது, கப்பல் கட்ட மரம் அறவே இல்லை. வளைகுடாப் படகுகளுக்கு வேண்டிய தேக்கும் தென்னைநார்க் கயிறும் மலபாரிலிருந்து போயின. ஆக, பீடபூமியில் வாழ்ந்த அரசனுக்குக் கடற்கரை தூரத்து நாடு. கரையில் வாழ்ந்த அரபு, பாரசீக, பலூச் மக்களுக்கோ எதிர்க்கரையும் இந்தியாவுமே அக்கம்பக்கம்.

இன்னொரு செய்தியும் இதனுடன் சேர்த்துப் பார்க்கத்தக்கது. வளைகுடா ஆழமற்ற கடல். அதன் சராசரி ஆழம் 50 மீட்டருக்கும் குறைவு. அரேபியக் கரைப்பக்கம் மணல்திட்டுகளும் பவளப்பாறைகளும் நிறைந்திருக்க, ஆழமான நீர் ஈரானியக் கரையை ஒட்டியே இருக்கிறது. பழைய பெருந்துறைகளான சிராஃப், கீஷ், ஹோர்முஸ் ஆகிய மூன்றும் வடகரையிலோ அதை ஒட்டிய தீவுகளிலோ எழுந்ததற்கு இது முக்கியமான காரணம். கழுத்துப் பகுதியான நீரிணையில் மட்டும் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே ஆழம் ஓமானின் முசந்தம் முனைப்பக்கம் கூடுதல் என்பதால் இன்றைய கப்பல் தடங்களும் பெரும்பாலும் ஓமானின் கடல் எல்லைக்குள்தான் அமைந்திருக்கின்றன. துறைகள் பாரசீகக் கரையில் இருந்தன என்பதைக் கண்டு கடலும் பாரசீகருடையது என்று கொண்டுவிடுவது எளிது. கட்டுரையாளர் சறுக்கியதும் அங்கேதான் என்று எண்ணுகிறேன்.

சைரஸ் நிறுவிய பேரரசை ஆண்ட அக்கெமனிட் மரபினர் காலத்தில், முதலாம் தாரியஸ் சிந்து நதி வழியே கடலுக்குள் ஆராய்ச்சிப் பயணம் அனுப்பியவர். நைல் நதியையும் செங்கடலையும் இணைக்கும் கால்வாயை முடித்தவர். அந்தப் பயணத்தில் பெயர் பெற்ற ஸ்கைலாக்ஸ், இன்றைய துருக்கிக் கரையிலிருந்த கார்யாண்டாவைச் சேர்ந்தவர். கி.மு. 480இல் கிரேக்கத்தின் சலாமிஸில் தோற்ற, தாரியஸின் மகன் செர்க்சஸின் கப்பற்படையும் ஃபீனீசியர், எகிப்தியர், அயோனியக் கிரேக்கர் ஆகியோரின் கலங்களால் ஆனது. அலெக்சாந்தரைச் சற்றேனும் தடுத்து நிறுத்தியதும் கடல் அல்ல, கி.மு. 330இல் ‘பாரசீக வாயில்’ எனப்படும் மலைக் கணவாயில் அரியோபர்சானஸ் நடத்திய போர்தான். இஸ்லாத்துக்கு முன் ஈரானைக் கடைசியாக ஆண்ட சாசானியர் காலத்தில் கடல் வணிகம் உண்மையிலேயே செழித்தது. அவர்கள் காலத்து எண்ணெய், மது ஜாடிகளின் உடைசல்கள் கேரளத்துப் பட்டணம் அகழாய்விலும் கிடைத்துள்ளன. ஆனால் அப்பேரரசு ஏமனுக்குக் கடல் வழியே படை அனுப்ப நேர்ந்தபோது, ஏறக்குறைய கி.பி. 570இல், முதலாம் குஸ்ரோ எட்டுக் கப்பல்களில் சிறைக் கைதிகளை ஏற்றி அனுப்பினார் என்றும், இரண்டு கப்பல்கள் வழியிலேயே மூழ்கின என்றும் அரபு வரலாற்றாசிரியர் தபரி எழுதியிருக்கிறார். எண்ணிக்கை எப்படியிருந்தாலும், கவச அணி பூண்ட தன் புகழ்பெற்ற குதிரைப்படையை அந்த அரசன் கடலுக்கு அனுப்பவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

குதிரையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டபடியால், தமிழ் வாசகர்களுக்கான கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாத செய்தி ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டும். பாண்டிய நாட்டின் போர்க்குதிரைகள் இந்த வளைகுடாவிலிருந்துதான் வந்தன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் வந்திறங்குவதையும், நம் ஊர்த் தட்பவெப்பத்தாலும் பராமரிப்புக் குறையாலும் அவை விரைவில் மடிவதால் ஆண்டுதோறும் புதிதாக வாங்க நேர்வதையும் குறித்திருக்கிறார். ஈரானில் மங்கோலிய இல்கான் ஆட்சியின்போது எழுதிய வஸ்ஸாஃப் என்னும் வரலாற்றாசிரியர், கீஷ் தீவு வணிகரான ஜமாலுத்தீன் இப்ராகிம் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைத் தம் சொந்தக் கையிருப்பிலிருந்து தமிழகக் கரைக்கு அனுப்பும் ஒப்பந்தம் இருந்ததாகவும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் எழுதுகிறார். அரசவை எழுத்தாளரின் எண்களில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆயினும் குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணத்தைக் கோயில் கட்டச் செலவிட்ட மாணிக்கவாசகரின் கதை நிலைத்த நாட்டில், குதிரைக்கு அரசுக் கருவூலம் எவ்வளவு திறந்துகிடந்தது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திருவரங்கம் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து நிற்கும் கற்குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு, விசயநகர, நாயக்கர் காலத்திலும் அந்த மோகம் தணியவில்லை என்பது தெரியும்.

இந்த வணிகத்தை நடத்தியவர் யார் என்பதுதான் நம் கேள்விக்கு உரியது. ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் பாண்டியர் அவையில் அமைச்சர் நிலையில் இருந்து, காயல் உள்ளிட்ட துறைகளின் பொறுப்பைக் கவனித்தார். அண்ணன் கீஷில், தம்பி காயலில். விற்பவரும் வாங்குபவரின் அமைச்சரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அப்போது ஈரானை ஆண்ட மங்கோலியரோ ஆசியாவின் பாதியைக் குதிரை முதுகிலிருந்து வென்றவர்கள். அவர்களுடைய தலைநகரம் வடமேற்கே தப்ரீஸில் இருந்தது. அவர்கள் தென்கரைக்குக் கப்பற்படை எதையும் கொண்டுவரவில்லை. ஃபார்ஸ் மாகாணத்தின் வரி வசூலை அதே ஜமாலுத்தீனிடம் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். இதைப் பாரசீகப் படையின் பிடி என்று சொல்வதைவிட, வணிகக் குடும்பம் ஒன்றின் பிடி என்று சொல்வதே பொருந்தும்.

ஹோர்முஸ் நகரத்தின் வரலாறு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. பழைய ஹோர்முஸ் மினாப் ஆற்றை அடுத்த நிலப்பகுதியில் இருந்தது. குதிரைப்படைகளின் கொள்ளை தொடரவே, கி.பி. 1300ஐ ஒட்டி அதன் ஆட்சியாளர் குடிகளையும் வணிகர்களையும் கூட்டிக்கொண்டு, கரையிலிருந்து 8 கிலோமீட்டர் போலத் தள்ளியிருந்த ஜரூன் என்னும் தீவுக்கு இடம்பெயர்ந்தார். உப்புப் பாறையும் செம்மண்ணுமான அந்தத் தீவில் குடிநீர் கிடையாது. தண்ணீரும் தானியமும் படகில் வர வேண்டும். ஆனால் குதிரைவீரன் அங்கே வர முடியாது. அந்த ஒரே வசதிக்காக எழுந்த நகரம் இருநூறு ஆண்டுகளில் இந்தியப் பெருங்கடலின் பெரும் சந்தைகளில் ஒன்றாயிற்று. சீனத்துக் கடற்தளபதி செங் ஹேயின் கப்பல்கள் அங்கே வந்தன. விசயநகரத்துக்குத் தூது வந்த அப்துர் ரசாக் 1442இல் அங்கிருந்துதான் கப்பலேறினார். ஹோர்முஸ் மன்னர்கள் நிலத்துப் பேரரசர்களுக்குக் கப்பம் கட்டினார்கள், கட்டாமலும் இருந்தார்கள்.

போர்த்துக்கீசியர் 1507இல் ஹோர்முஸைப் பிடித்து அன்றுமுதல் வைத்திருந்தனர் என்று கட்டுரையில் உள்ளது. போர்த்துக்கீசியத் தளபதி அல்புகர்க் அந்த ஆண்டில் நகரத்தைப் பணியவைத்துக் கோட்டை கட்டத் தொடங்கியது உண்மை. ஆனால் அவருடைய கப்பல் தலைவர்கள் சிலர் அவரை விட்டுப் போய்விட்டதால் அவர் பின்வாங்க நேர்ந்தது. நிலையாகக் கைப்பற்றியது 1515இல்தான். அதற்கு முந்தைய ஆண்டு, 1514இல், அப்போது ஈரானை ஆண்ட சஃபவிப் பேரரசர் ஷா இஸ்மாயில் சால்திரான் போர்க்களத்தில் துருக்கியின் உதுமானியரின் பீரங்கிகளிடம் தோற்றிருந்தார். ஹோர்முஸ் கைநழுவியதை அவரால் தடுக்க முடியவில்லை. பஹ்ரைனுக்குத் தம் படையைக் கடத்திச் செல்லக் கப்பல் தருமாறு அதே போர்த்துக்கீசியரிடம் கேட்கும் நிலையில் இருந்தார். நூறாண்டுக்கும் மேல் தீவுக் கோட்டையில் இருந்த போர்த்துக்கீசியரும் மலையேறி ஷீராஸையோ இஸ்ஃபஹானையோ தொட்டதில்லை. மலைச்சுவர் இருபக்கமும் தடுத்தது.

1622இல் சஃபவி மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் அந்தத் தீவை மீட்டது எப்படி என்பது பாடப்புத்தகங்களில் ஒரு வரியாகப் போய்விடுகிறது. அவருடைய ஃபார்ஸ் ஆளுநர் இமாம் குலி கானிடம் வேண்டிய அளவு படை இருந்தது, கப்பல் இல்லை. பட்டு வாங்க வந்திருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம், கப்பல் தராவிட்டால் பட்டும் கிடையாது என்று சொல்லப்பட்டது. ஐரோப்பாவில் போர்த்துக்கல்லோடு தங்கள் அரசனுக்குப் போர் இல்லாத நேரத்தில் கம்பெனியார் தயங்கித் தயங்கி இணங்கினார்கள். முதலில் குறிவைக்கப்பட்டது ஹோர்முஸ் அல்ல, அதற்குத் தண்ணீர் போன கெஷ்ம் தீவு. அங்கே கோட்டைச் சுவரின் உயரத்தையும் தூரத்தையும் கருவிகொண்டு அளந்துகொண்டிருந்தபோது குண்டடிபட்டு இறந்த மாலுமி, வட அமெரிக்காவின் பனிக்கடலில் தம் பெயரில் ஒரு விரிகுடாவைக் கொண்ட வில்லியம் பாஃபின். கிணறுகள் கைமாறியபின் ஹோர்முஸ் அதிக காலம் தாங்கவில்லை. உதவிக்கு ஈடாகக் கம்பெனிக்குக் கொள்ளையில் பாதியும், எதிர்க்கரையில் பந்தர் அப்பாஸ் என்று பெயர் பெற்ற துறைமுகத்தின் சுங்க வருமானத்தில் பாதியும் ஒப்புக்கொள்ளப்பட்டன. லண்டன் திரும்பியதும் ஜேம்ஸ் அரசருக்கும் கடற்படைத் தலைவரான பக்கிங்ஹாம் பிரபுவுக்கும் ஆளுக்குப் பத்தாயிரம் பவுன் கம்பெனி கொடுக்க நேர்ந்தது தனிக் கதை. வெற்றி ஷாவுடையது, கடல் அப்போதும் அவருடையதாகவில்லை. 1650இல் போர்த்துக்கீசியரை மஸ்கட்டிலிருந்து விரட்டிய ஓமானியர், 1717இல் பஹ்ரைனையே சஃபவிகளிடமிருந்து பறித்துக்கொண்டார்கள்.

இந்த வரம்பை உடைக்க முனைந்தவர், சஃபவிகளுக்குப் பின் ஈரானை ஆண்ட நாதிர் ஷா ஒருவரே என்று சொல்லலாம். 1739இல் கர்னாலில் முகலாயப் படையைச் சிதறடித்து தில்லியைச் சூறையாடிய அதே நாதிர் ஷா, 1734 முதலே வளைகுடாவில் ஒரு கப்பற்படையைத் திரட்டத் தொடங்கியிருந்தார். ஆங்கிலேயரிடமும் டச்சுக்காரரிடமும் கப்பல் கேட்டுப் பார்த்தார், சிலவற்றை விலைக்கு வாங்கினார். 1736இல் பஹ்ரைனை மீட்டார். ஓமானுக்குள்ளும் படையை இறக்கினார். ஆனால் மாலுமிகள் கரையோர அரபு மக்கள். கூலியும் உணவும் சரிவரக் கிடைக்காத அவர்கள் 1740இல் கலகம் செய்து கப்பல்களோடு போய்விட்டார்கள். அதன்பின் அவர் புஷேரிலேயே கப்பல் கட்ட ஆணையிட்டார். மரத்துக்கு எங்கே போவது? வடக்கே காஸ்பியன் கடலோரம் உள்ள மாசந்தரான் காடுகளில் வெட்டிய மரங்களை, நாட்டின் முழு அகலத்தையும் கடந்து, குடிமக்களின் தோளில் ஏற்றித் தெற்கே கொண்டுவரச் செய்தார். சக்கர வண்டி போகாத மலைப்பாதைகளில் கட்டாய வேலையாக அந்த மரங்களைச் சுமந்தவர்களின் நிலையை நினைத்துப் பார்க்கவே கடினமாக இருக்கிறது. 1747இல் அவர் தம் படைத்தலைவர்களாலேயே கொல்லப்பட்டபின் அந்த முயற்சி கைவிடப்பட்டது. முடிவுபெறாத கப்பலின் எலும்புக்கூடு புஷேர்க் கரையில் பல காலம் கிடந்தது. கைபர் கணவாயைக் கடந்து தில்லிக்கு வர முடிந்த படைத்தலைவருக்கு, தம் நாட்டுக் கரையிலிருந்து மஸ்கட்டை நிலையாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இந்த உண்மையை நன்றாகப் புரிந்துகொண்டு பயன்படுத்தினர். ஈரானின் கஜார் வம்ச அரசர் முகமது ஷா ஆப்கானிஸ்தானத்து ஹெராத் நகரத்தை முற்றுகையிட்டபோது, ஆங்கிலேயர் ஹெராத்துக்குப் படை அனுப்பவில்லை. 1838இல் பம்பாயிலிருந்து கப்பல் அனுப்பி வளைகுடாவின் கார்க் தீவில் இறங்கினார்கள், முற்றுகை விலகியது. 1856இல் பாரசீகம் ஹெராத்தைப் பிடித்தபோதும் அதே உத்திதான்: டிசம்பரில் மறுபடி கார்க், அடுத்துப் புஷேர். 1857 பிப்ரவரியில் குஷாப் என்னுமிடத்தில் பாரசீகப் படையை வென்ற ஆங்கிலத் தளபதி அவுட்ரமும் மலைக்குள் நுழையாமல் புஷேருக்கே திரும்பினார். மார்ச் 4ஆம் தேதி பாரிஸில் உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்ட பிறகும், செய்தி வந்து சேராததால், மார்ச் இறுதியில் முகமராவில் (இன்றைய கொர்ரம்ஷர்) ஒரு போர் நடந்து உயிர்கள் போயின. 1941 ஆகஸ்டு 25 அதிகாலையில் ஆங்கிலேயரின் தாக்குதலில் ஈரானின் சிறு கடற்படை, அதன் தளபதி பயாந்தோர் என்பவரோடு சேர்ந்து, சில மணி நேரத்தில் அழிந்ததும், அபாதான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை இந்தியப் படைப்பிரிவுகள் கைப்பற்றியதும் இதே வரிசையில் சேர்வன.

என் கூற்றுக்கு எதிராக வலுவாக நிற்கக்கூடியது 1971க்குப் பிந்தைய காலம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலேயர் வளைகுடாவை விட்டு வெளியேறிய வேளையில், அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று, ஈரான் மன்னர் முகமது ரேசா ஷாவின் படைகள் நீரிணையை அடுத்த அபு மூசா, இரு துன்ப் தீவுகள் ஆகியவற்றில் இறங்கின. அவர் அமைத்த கடற்படை வலிமையானதுதான். ஈராக்குடனான போரின் தொடக்கத்தில், 1980 நவம்பரில், அது ஈராக் கடற்படையின் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்தது. ஆனால் அதன் முக்கியப் போர்க்கப்பல்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கட்டப்பட்டவை. 1979 புரட்சிக்குப் பின் உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாயிற்று. அந்தப் போரின் பகுதியாக, எண்ணெய்க் கப்பல்களைக் குறிவைத்து 1984 முதல் 1988 வரை நடந்த ‘டாங்கர் போரில்’ ஈரான் கண்ணிவெடிகளையும் விரைவுப் படகுகளையும் கரையிலிருந்து ஏவும் ஏவுகணைகளையும் நாடியது. 1988 ஏப்ரல் 14 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று கண்ணிவெடியில் சிக்கியது. நான்கு நாள் கழித்து ஈரானின் சஹந்த் போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 3 அன்று பந்தர் அப்பாஸிலிருந்து துபாய் சென்ற ஈரானியப் பயணிகள் விமானத்தை அமெரிக்கக் கப்பல் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் இறந்தனர்.

பிறர் செல்வதைக் கரையிலிருந்து தடுப்பது வேறு, கடலைத் தன் ஆட்சியில் வைத்திருப்பது வேறு. மலை பின்னாலும் தீவுகள் முன்னாலும் இருக்க, குறுகலான இடத்தில் 40 கிலோமீட்டர்கூட அகலமில்லாத நீரிணையில் முதலாவதைச் செய்ய ஈரானுக்கு இயற்கையே துணைநிற்கிறது. இரண்டாவதற்கு அதே இயற்கை துணையில்லை. ஈரானின் சொந்தக் கச்சா எண்ணெயின் பெரும்பகுதியும் கார்க் தீவில் ஏற்றப்பட்டு இதே கழுத்தின் வழியேதான் வெளியேற வேண்டும். இதனால்தான் நீரிணைக்கு வெளியே உள்ள ஜாஸ்க் வரை ஈரான் குழாய் அமைத்து 2021இல் ஏற்றுமதியைத் தொடங்கியது. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2012இலேயே நீரிணைக்கு வெளியே உள்ள தன் ஃபுஜைரா துறைக்குக் குழாய் அமைத்துவிட்டது. சேலம் மாவட்டத்திலிருந்து துபாயிலும் மஸ்கட்டிலும் தோஹாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளின் பெற்றோர் இச்செய்திகளை அன்றாடம் கவலையோடு படிக்கிறார்கள். ‘இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பிடி’ போன்ற சொற்றொடர்கள் அவர்களுக்கு அச்சத்தைத் தருமே தவிர விளக்கத்தைத் தரா.

இத்தொடரின் அடுத்த பகுதி விரைவில் வெளிவரும் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதில் இடம்பெறும் வரைபடத்தில் சாக்ரோஸ் மலைத்தொடரின் உயரத்தையும், புஷேர்–ஷீராஸ் பாதையையும், வளைகுடாவின் ஆழ வேறுபாட்டையும், கெஷ்ம், ஹோர்முஸ், கார்க், கீஷ் தீவுகளையும் குறித்து வெளியிட்டால் பள்ளி மாணவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ள உதவியாக இருக்கும். ஹோர்முஸ் நிலையாக வீழ்ந்த ஆண்டு 1515 என்ற திருத்தத்தையும் அப்பகுதியிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஏற்காடு அடிவாரம், சேலம்.